சிறு அணு உலைகள்: தொழிலுக்கும் வேலைக்கும் என்ன கிடைக்கும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் சிறு அணு உலைகளுக்கு 20,000 கோடி ரூபாய் என்று அறிவித்ததிலிருந்தே கேள்விகள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த டிசம்பரில் அணுமின் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடும் சட்டமும் வந்ததும் கேள்விகள் இரட்டிப்பாகிவிட்டன. நான் அணுமின்சாரத்தை ஆதரிப்பவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வேலைவாய்ப்பு என்று வந்தால் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் உலை நிற்கப்போகும் ஊரை மட்டுமே பார்த்துப் பேசுகிறார்கள். வேலை பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கிறது, அதைத்தான் கீழே விளக்கப் பார்க்கிறேன்.

சிறு உலை என்றால் எவ்வளவு சிறியது?

சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கில் 300 மெகாவாட் வரை சிறியது. கூடங்குளத்தில் ஒரு உலை 1,000 மெகாவாட், கல்பாக்கத்தில் ஒரு உலை 220. அளவை மட்டும் பார்த்தால் நாம் 1969 முதலே சிறு உலை ஓட்டுகிறோம். பிரிட்டனில் ரோல்ஸ் ராய்ஸ் தன்னுடைய 470 மெகாவாட் உலையையும் சிறியது என்றே சொல்கிறது, அதனால் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

முக்கியமானது "மாடுலர்" என்ற சொல்தான். உலையின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலேயே பாகம் பாகமாகச் செய்து, பரிசோதித்து, லாரியிலோ கப்பலிலோ ஏற்றிக்கொண்டுபோய் அந்த இடத்தில் இணைப்பது. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. வெல்டிங் உலை நிற்கும் கடற்கரையில் நடக்கிறதா, ஒரு நிரந்தரத் தொழிற்சாலைக் கூரையின் கீழ் நடக்கிறதா என்பதைப் பொறுத்து யாருக்கு எத்தனை வருட வேலை என்பதே மாறிவிடும்.

இந்தியாவில் இப்போது என்னதான் திட்டம்?

இரண்டு தனித்தனித் தடங்கள் இருக்கின்றன. செய்திகளில் இரண்டையும் கலந்து குழப்பிவிடுகிறார்கள்.

ஒன்று, பாரத் சிறு உலை. இது புதிய கண்டுபிடிப்பு கிடையாது. நமக்கு நன்றாகப் பழகிய 220 மெகாவாட் கனநீர் (ஹைட்ரஜனின் கனமான வகையைக் கொண்ட நீர்) உலையையே, நிலத் தேவையைக் குறைத்து, பாதுகாப்பு அம்சங்களை மேம்படுத்தி, எஃகு, அலுமினியம், சிமென்ட் மாதிரியான ஆலைகளின் சொந்த மின்தேவைக்காக வைப்பது. இந்திய அணுமின் கழகம் 2024 டிசம்பர் 31 அன்று தொழில் நிறுவனங்களிடம் விருப்பம் கேட்டு அறிவிப்பு வெளியிட்டது. நிலம், தண்ணீர், பணம் எல்லாம் தொழிற்சாலை தர வேண்டும், கட்டுவது கழகத்தின் மேற்பார்வையில், ஓட்டுவது கழகம், மின்சாரம் தொழிற்சாலைக்கு. கடைசித் தேதியைப் பலமுறை தள்ளிவைத்தார்கள், அதிலிருந்தே தொழில் நிறுவனங்களின் தயக்கம் தெரிகிறது.

இன்னொன்று, பாபா அணு ஆராய்ச்சி மையம் புதிதாக வடிவமைக்கும் உலைகள். 200 மெகாவாட்டில் பாரத் சிறு மாடுலர் உலை, 55 மெகாவாட்டில் அதைவிடச் சிறியது, அப்புறம் ஹைட்ரஜன் தயாரிக்க 5 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட உயர்வெப்ப வாயு உலை. முதல் இரண்டின் முன்னோடி உலைகளை மகாராஷ்டிரத்தின் தாராப்பூரிலும், மூன்றாவதை விசாகப்பட்டினத்திலும் அமைப்பது திட்டம். 2033-க்குள் உள்நாட்டில் உருவாக்கிய ஐந்து சிறு உலைகளாவது ஓட வேண்டும் என்பது இலக்கு. மொத்த அணுமின் திறனை இன்றைய சுமார் 8.8 ஜிகாவாட்டிலிருந்து 2047-ல் 100 ஜிகாவாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பெரிய இலக்கு. இப்போது நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான்.

உலை பெரிதாக இருந்தால்தானே மின்சாரம் மலிவு? எதற்குச் சிறியதைக் கட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி, இதை மழுப்பக் கூடாது. உலையின் அளவு பாதியானால் செலவு பாதியாகாது. கட்டுப்பாட்டு அறை, காவல், உரிமம், வல்லுநர்கள் எல்லாம் சின்ன உலைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வேண்டும். ஒரே ஒரு சிறு உலையைக் கட்டினால் அது கட்டாயம் விலை அதிகம்தான்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். நியூஸ்கேல் நிறுவனம் ஐடஹோவில் 77 மெகாவாட் வீதம் ஆறு உலைகள் வைக்கத் திட்டமிட்டது. ஒரு மெகாவாட்-மணிக்கு 58 டாலர் என்று சொன்ன விலை 2023 ஜனவரியில் 89 டாலருக்கு ஏறியது. மின்சாரம் வாங்க வேண்டிய நகராட்சி மின்வாரியங்கள் போதுமான எண்ணிக்கையில் முன்வரவில்லை, அந்த நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது.

சிறு உலை லாபம் தருவது ஒரே ஒரு வழியில்தான்: ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் ஒரு புது மாடலின் முதல் வண்டிக்கு ஆகும் நாளும் இருபதாவது வண்டிக்கு ஆகும் நாளும் ஒன்றாக இருக்காது, அதேதான் இங்கும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் டார்லிங்டனில் 300 மெகாவாட் வீதம் நான்கு உலைகள் கட்ட 2025 மே மாதம் ஒப்புதல் கொடுத்தது. மொத்தச் செலவு 2,090 கோடி கனடா டாலர். முதல் உலைக்கு மட்டும் 610 கோடி, நான்குக்கும் பொதுவான வேலைகளுக்கு 160 கோடி. மீதியை மூன்றால் வகுத்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 440 கோடி. அதாவது முதலாவதைவிட அடுத்தடுத்தவை கால் பங்குக்கு மேல் மலிவாகும் என்பது அவர்கள் கணக்கு. இன்னும் கட்டி முடிக்கவில்லை என்பதால் இது கணிப்புதான், ஆனால் தர்க்கம் எப்படி ஓடுகிறது என்று தெரிகிறது.

அதே கணக்கை மெகாவாட்டுக்குப் பார்த்தால் ரூபாயில் 100 கோடிக்கு மேல் வருகிறது. இந்தியா 2017-ல் 700 மெகாவாட் கனநீர் உலைகள் பத்துக்கு ஒரே முடிவாக ஒப்புதல் கொடுத்தபோது மதிப்பீடு 1,05,000 கோடி ரூபாய், மெகாவாட்டுக்கு 15 கோடி. அன்றைய விலை, இன்றைய விலை என்ற வித்தியாசத்தையெல்லாம் கழித்தாலும் இடைவெளி மிகப் பெரியது. நம்முடைய பலம் இங்கேதான் இருக்கிறது, வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து மயங்குபவர்கள் இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உலகத்தில் எங்காவது சிறு உலை ஓடிக்கொண்டிருக்கிறதா?

ஓடுகிறது, ஆனால் குறைவு. ரஷ்யாவின் மிதக்கும் நிலையமான அகாதெமிக் லமனோசோவ், 35 மெகாவாட் வீதம் இரண்டு உலைகளோடு, ஆர்க்டிக் கரையில் பெவெக் ஊருக்கு 2019 டிசம்பரிலிருந்து மின்சாரம் கொடுக்கிறது. சீனாவில் ஷிதாவ்வானில் வாயு குளிர்விப்பு உலை 2023 டிசம்பரில் வணிக ஓட்டத்துக்கு வந்தது. ஆனால் அதைக் கட்டத் தொடங்கியது 2012-ல். அர்ஜென்டினா 2014-ல் கேரெம் என்ற சிறு உலைக்குக் கான்கிரீட் போட்டது, பணத் தட்டுப்பாட்டால் நின்று நின்று நகர்ந்து இன்னும் முடியவில்லை. சிறியது என்பதால் சீக்கிரம் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் எடுத்துக் காட்டுங்கள்.

சரி, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?

எண்ணைச் சொல்வதற்கு முன் மூன்று விதமான வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் எந்த எண்ணும் ஏமாற்றும்.

முதலாவது கட்டுமான வேலை. கான்கிரீட், கம்பி கட்டுதல், கிரேன், குழாய் இணைப்பு. ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், ஆனால் சில வருடங்களுக்கு மட்டும். பிரிட்டன் வேல்ஸில் உள்ள வில்ஃபாவை 2025 நவம்பரில் தன் முதல் சிறு உலைகளுக்குத் தேர்ந்தெடுத்தபோது, உச்சக்கட்டத்தில் அந்தப் பகுதியில் 3,000 வேலைகள் வரை என்றார்கள். ஒன்டாரியோவின் அறிவிப்பில் கட்டுமானக் காலத்தில் 18,000, அறுபத்தைந்து வருட ஆயுளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக ஆண்டுக்கு 3,700 என்றிருக்கிறது. ஒரே திட்டம், ஒரே அறிவிப்பு, எந்த எண்ணைத் தலைப்பில் போடுகிறோம் என்பதில் ஐந்து மடங்கு வித்தியாசம். நம் ஊர் அறிவிப்புகளையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

இரண்டாவது, உலையை ஓட்டும் வேலை. நல்ல சம்பளம், நிரந்தரம், குடியிருப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. ஆனால் எண்ணிக்கை சில நூறுதான், அதிலும் சிறு உலையை விற்பவர்களின் முக்கிய வாதமே குறைந்த ஆட்களை வைத்து ஓட்டலாம் என்பது. ஆலை வந்தால் ஊருக்கே வேலை என்று நிலம் கொடுப்பவர்களிடம் சொல்வது அநியாயம். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை என்ற கோரிக்கை கூடங்குளத்தில் எத்தனை வருடமாகக் கேட்கிறது என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். உலை சிறிதாகச் சிறிதாக அந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவது இன்னும் கடினம். எழுத்தில், எத்தனை இடம், எந்தத் தகுதி, எந்தப் பயிற்சி என்று முன்கூட்டியே போட்டுக் கொடுக்காமல் நிலம் எடுக்கக் கூடாது.

மூன்றாவது, பாகங்கள் செய்யும் வேலை. அழுத்தக் கலன், நீராவி உற்பத்திக் கலன், பம்பு, வால்வு, குழாய், எரிபொருள் ஏற்றும் இயந்திரம், மின்சாரப் பலகைகள், கேபிள். இதுதான் முப்பது நாற்பது வருடம் நீடிக்கக்கூடியது. ஹசீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ, மும்பையில் கோத்ரெஜ், வால்சந்த்நகர், ஹைதராபாத்தில் எம்டார், எரிபொருளுக்கு அங்கேயே அணு எரிபொருள் வளாகம், கனநீருக்கு மணுகுரு, கோட்டா, நீராவிக் கலன்களுக்கு நம் திருச்சி பெல். அவர்களுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். ஒரு உலைக்கு ஆர்டர் வந்தால் இவர்கள் ஆள் எடுக்க மாட்டார்கள், இருப்பவர்களை ஓவர்டைம் பார்க்கச் சொல்வார்கள். பத்து உலைக்கு, வருடத்துக்கு இரண்டு வீதம் என்று கையெழுத்தான ஆர்டர் இருந்தால் புது ஷெட் போடுவார்கள், இயந்திரம் இறக்குவார்கள், ஐடிஐ முடித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்குவார்கள்.

அதனால்தான் என் பதில்: எத்தனை மெகாவாட் என்று கேட்பதை நிறுத்திவிட்டு எத்தனை உலைக்கு, ஒரே வடிவத்தில், ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வேலையின் எண்ணிக்கை அதிலிருந்துதான் பிறக்கும்.

இந்த உள்நாட்டுத் தொழில் எப்படி உருவானது?

கட்டாயத்தில் உருவானது. ராஜஸ்தானில் முதல் கனநீர் உலையைக் கனடாவின் உதவியோடு கட்டினோம். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு கனடா விலகிக்கொண்டது. இரண்டாவது உலையை நம் ஆட்களே முடித்து 1981-ல் ஓடவிட்டார்கள். கல்பாக்கத்தின் முதல் உலை 1984-ல் முழுக்க உள்நாட்டு முயற்சியில் வந்தது. இந்த வகை உலைக்கு இன்னொரு வசதியும் உண்டு: பிரம்மாண்டமான ஒற்றை அழுத்தக் கலன் தேவையில்லை, நூற்றுக்கணக்கான சிறு அழுத்தக் குழாய்கள் போதும். அத்தனை பெரிய எஃகுக் கலனை அடித்துச் செய்யும் உலைக்களம் அன்று நம்மிடம் இல்லை, ஆனால் குழாய்களைச் செய்ய முடிந்தது. செறிவூட்டாத, அதாவது இயற்கையில் கிடைக்கும் கலவையிலேயே உள்ள யுரேனியமே எரிபொருள் என்பதும் சேர்ந்துகொண்டது.

அந்தக் காலத்திலிருந்து 2011-ல் கைகாவின் நான்காவது உலை வரை 220 மெகாவாட் வகையில் பதினான்கு கட்டியிருக்கிறோம். கைகாவின் முதல் உலை 2018-ல் தொடர்ந்து 962 நாட்கள் நிற்காமல் ஓடி உலகச் சாதனை வைத்தது. ஆனால் 2011-க்குப் பிறகு இந்த அளவில் புதிய உலை எதுவும் வரவில்லை, தொழில் 700 மெகாவாட்டுக்கு நகர்ந்துவிட்டது. அந்தப் பதினான்கில் கைவைத்த மூத்த வெல்டர்களும் மெஷினிஸ்ட்களும் பெரும்பாலும் ஓய்வுபெற்றுவிட்டார்கள். வரைபடம் அலமாரியில் இருக்கும், கைப்பழக்கம் இருக்காது. தாமதிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் இந்த விலையைக் கொடுக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

திருச்சிக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கலாம். திருச்சி பெல் 700 மெகாவாட் உலைகளுக்கு நீராவிக் கலன்கள் செய்கிறது, ஒரு உலைக்கு நான்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள், ஒவ்வொரு முனையிலும் வெல்டிங், ஒன்று கசிந்தாலும் உலையை நிறுத்த வேண்டிவரும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் அதே வளாகத்தில் இருக்கிறது.

திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் உள்ள சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் பெல்லை நம்பியே வளர்ந்தவை. அனல்மின் கொதிகலன் ஆர்டர்கள் படுத்தபோது எத்தனையோ ஷெட்கள் மூடிக் கிடந்தன. இப்போது நிலக்கரி ஆர்டர்கள் மறுபடி வருவதால் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள், ஆனால் அது எத்தனை வருடத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஐபிஆர் (இந்தியக் கொதிகலன் விதிமுறைகள்) சான்று பெற்ற உயர் அழுத்த வெல்டர்கள் இருக்கிறார்கள், நிலம் இருக்கிறது, தொழில் பண்பாடு இருக்கிறது.

தடை எங்கே என்றால், அணு உலைப் பாகத்துக்கு ஒவ்வொரு இரும்புத் துண்டும் எந்த உருக்கிலிருந்து வந்தது என்பது முதல் எந்த வெல்டர் எந்தத் தேதியில் எந்த ராடை வைத்து ஒட்டினார் என்பது வரை ஆவணம் வேண்டும். தூசியில்லாத அறை வேண்டும், வெல்டிங்கை எக்ஸ்ரே மாதிரிப் படமெடுத்துப் பார்க்கும் ரேடியோகிராபி வேண்டும். ஐம்பது பேர் வேலை பார்க்கிற யூனிட் இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாது. பொதுவான பரிசோதனைக் கூடம், பொதுவான தூய அறை, தரச் சான்றுக்கு ஆகும் செலவில் அரசின் பங்கு, இவை மூன்றும் கிடைத்தால் முடியும். அதோடு பில் பணம் 45 நாளில் வர வேண்டும். சிறு தொழில்களுக்கான சட்டத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது, நடைமுறையில் வருவதில்லை. புதுத் தொழில்நுட்பம் பற்றிப் பேசுகிற இடத்தில் பில் பணத்தைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம், யூனிட்கள் மூடியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஒரு எஃகு ஆலையோ அலுமினிய ஆலையோ ஏன் உலையை நாட வேண்டும்? சூரிய மின்சாரம் மலிவாயிற்றே?

மலிவுதான், பகலில். ஒரு டன் அலுமினியம் உருக்கச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும், அதுவும் இரவு பகல் நிற்காமல், பல மணி நேரம் நின்றால் தொட்டியே உறைந்துபோகும். அதனால்தான் அலுமினிய ஆலைகள் பக்கத்திலேயே சொந்த நிலக்கரி நிலையம் வைத்திருக்கின்றன. 220 மெகாவாட் உலை இரண்டு 85 சதவீதத் திறனில் ஓடினால், சொந்த உபயோகம் போக, வருடத்துக்குச் சுமார் 2 லட்சம் டன் அலுமினியத்துக்கு மின்சாரம் தரும் என்பது என் கணக்கு. ஒரு நடுத்தர உருக்காலைக்கு அது போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி (இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கான வரி) 2026 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதற்கு உலைதான் தீர்வு என்று பலர் எழுதுகிறார்கள். அதில் ஒரு நுணுக்கம் விடுபடுகிறது. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இப்போதைய விதிகளில் ஆலையின் நேரடி உமிழ்வை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள், மின்சாரம் வழியாக வரும் உமிழ்வு சிமென்ட், உரத்துக்குத்தான் சேருகிறது. எனவே இந்த வரியை மட்டும் காட்டி உலையை விற்க முடியாது. விதி நாளை விரிவடைந்தால் கதை வேறு.

தனியார் வந்தால் நல்லதா?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், 1962-ன் அணுசக்திச் சட்டத்தையும் 2010-ன் விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு, உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்களும் அணுமின் நிலையம் கட்டி ஓட்டலாம் என்கிறது. யுரேனியம் செறிவூட்டல், பயன்படுத்திய எரிபொருளின் மறுசுத்திகரிப்பு, கனநீர் உற்பத்தி ஆகியவை அரசிடமே இருக்கும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதி கிடைத்திருக்கிறது, இது நெடுநாள் குறை, தீர்ந்தது நல்லது.

முதலீடு வர இந்த வாசல் தேவைதான். ஆனால் இழப்பீட்டுப் பகுதியில் எனக்கு உடன்பாடு இல்லை. நிலையத்தை நடத்துபவரின் பொறுப்புக்கு உச்சவரம்பு, பெரிய உலைக்கு 3,000 கோடி, மிகச் சிறியதற்கு 100 கோடி என்று அளவுக்கேற்ப வைத்திருக்கிறார்கள். பழுதான பாகம் கொடுத்த சப்ளையர் மீது நடத்துபவர் திரும்பிக் கேட்கும் உரிமை 2010 சட்டத்தில் வெளிப்படையாக இருந்தது, இப்போது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. போபாலைப் பார்த்த நாட்டில் 100 கோடி என்ற எண் மக்களுக்கு என்ன செய்தி சொல்லும்? சிறு உலையில் கதிரியக்கப் பொருள் குறைவு என்பது உண்மை. அப்படியானால் ஆபத்தும் குறைவுதானே, கூடுதல் காப்பீடு எடுப்பதில் என்ன சிரமம்?

வெளிநாட்டு உலையையே வாங்கிவிட்டால் வேகமாக முடியாதா?

அமெரிக்காவின் ஹோல்டெக் நிறுவனம் தன் 300 மெகாவாட் உலையின் தொழில்நுட்பத்தை இங்கே தன் துணை நிறுவனத்துக்கும், டாடா கன்சல்டிங் இன்ஜினியர்ஸ், லார்சன் அண்ட் டூப்ரோவுக்கும் பகிர 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. குஜராத்தின் தஹேஜில் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு ஆலை இருக்கிறது. இதில் வேலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வடிவமைப்பு வெளியில் இருந்தால் நமக்கு வருவது வரைபடத்தைப் பார்த்து இரும்பு வெட்டும் பங்கு மட்டும். கணக்கீடு, பாதுகாப்பு ஆய்வு, மென்பொருள், உரிமக் கட்டணம், மூன்றாம் நாட்டுக்கு விற்கும் உரிமை எல்லாம் அவர்களிடமே நிற்கும். பொறியாளர்களுக்கான வேலை அங்கேதான் அதிகம்.

நம்மால் முடியாதது ஒன்றும் இல்லை. அரிஹந்த் நீர்மூழ்கிக்காகச் சிறு அழுத்த நீர் உலையை (சாதாரணத் தண்ணீரை உயர் அழுத்தத்தில் வைத்துக் குளிர்விக்கும் வகை) வடிவமைத்து, அதன் தரைமாதிரியைக் கல்பாக்கத்திலேயே ஓட்டிப் பார்த்தவர்கள் நாம். 200 மெகாவாட் உலையும் அழுத்த நீர் வகைதான். இதற்கு வேண்டிய கலன், கூடங்குளம் உலையின் கலனைவிடச் சிறியது. ஹசீராவில் அணுமின் கழகமும் லார்சன் அண்ட் டூப்ரோவும் சேர்ந்து அமைத்த கனரக உலைக்களம் இந்த மாதிரியான வேலைக்காகவே வந்தது.

எரிபொருள் எங்கிருந்து வரும்?

கனநீர் உலைக்கு இயற்கை யுரேனியம், கொஞ்சம் உள்நாட்டில், மீதி இறக்குமதி. 200 மெகாவாட் உலைக்குச் சற்றே செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். வணிக அளவில் அதற்கான செறிவூட்டல் திறன் நம்மிடம் இல்லை, கூடங்குளத்துக்கே ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது. உலையை உள்நாட்டில் செய்துவிட்டு எரிபொருளுக்கு வெளியில் நின்றால் தற்சார்பு பாதிதான். அதனால் குறுகிய காலத்துக்கு 220 மெகாவாட் கனநீர் உலையைத்தான் முதலில் வரிசையாகக் கட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பு? கழிவு?

சிறு உலையில் நின்ற பிறகு வெளியேறும் வெப்பம் குறைவு, மின்சாரம் போனாலும் தானாகக் குளிரும்படி வடிவமைப்பது எளிது. இது உண்மையான முன்னேற்றம். கழிவு மறையாது. பத்து இடத்தில் பத்து சிறு உலை இருந்தால் பத்து இடத்தில் பயன்படுத்திய எரிபொருள் குளம், பத்து இடத்தில் காவல். ஒரு தனியார் ஆலை நாளை திவாலானால் அந்தக் குளத்தை யார் பார்ப்பது என்பதற்கு உரிமத்திலேயே பதில் இருக்க வேண்டும், பணமும் முன்கூட்டியே தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

2033-க்குள் ஐந்து உலை ஓடுமா?

ஐந்தும் ஓடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நிர்வாக ஒப்புதல் கிடைத்த பிறகு 200 மெகாவாட் உலையைக் கட்ட 60 முதல் 72 மாதங்கள் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. முதல் உலைக்கு அது நடந்தாலே நல்ல வேகம். கல்பாக்கம் அதிவேக ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வகை) 2004-ல் தொடங்கி 2010-ல் முடிய வேண்டியது, உலை மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது, செலவும் இரட்டிப்பாகிவிட்டது. புது வடிவத்தின் முதல் உலை தாமதமாவது உலகம் முழுக்க வழக்கம், அதற்காகத் திட்டத்தைத் திட்ட வேண்டாம். முதல் உலை முடியும்வரை இரண்டாவதுக்கு ஆர்டர் கொடுக்காமல் காத்திருந்தார்கள் என்றால் அப்போது திட்டலாம், ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் பட்டறைகள் ஆட்களை இழக்கும்.

இந்தத் துறையில் வேலைக்குப் போக என் பிள்ளை என்ன படிக்க வேண்டும்?

பி.இ. மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். அணுமின் கழகமும் கல்பாக்கம் ஆராய்ச்சி மையமும் ஸ்டைபெண்டரி ட்ரெய்னி என்ற பெயரில் ஆள் எடுக்கின்றன. டிப்ளமோ, பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு ஒரு பிரிவு, ஐடிஐ, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இன்னொரு பிரிவு. பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை உண்டு. வெளியில் தனியார் பட்டறைகளுக்கு வேண்டியது டிக் வெல்டிங்கில் தேர்ந்த கை, சிஎன்சி இயந்திரம், அழிக்காமல் சோதிக்கும் முறைகளில் இரண்டாம் நிலைச் சான்று, அதிலும் ரேடியோகிராபி, அல்ட்ராசானிக். இந்தச் சான்றுகள் அணு உலைக்கு மட்டும் கட்டுப்பட்டவை அல்ல, ரிஃபைனரி, கப்பல், விண்வெளி எல்லா இடத்திலும் செல்லும். உலைத் திட்டம் தள்ளிப்போனாலும் பிழைப்பு நிற்காது.

ஒப்பந்தத் தொழிலாளியாகப் போவதானால் ஒன்றை மட்டும் விடாதீர்கள். கதிர்வீச்சுப் பகுதியில் வேலை என்றால் உங்கள் பெயரில் தனி டிஎல்டி பேட்ஜ் (உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அட்டை) தர வேண்டும், அதன் அளவு பதிவாக வேண்டும். ஊழியர்களுக்கான வரம்பு ஐந்தாண்டு சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கான்ட்ராக்டர் மாறினாலும் அந்தப் பதிவு உங்களோடு வர வேண்டும், வேலையை விட்டு வரும்போது அதன் நகலை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.